துணையோடு பார்க்க வேண்டிய படம்

சினிமாப் படங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் குழுவில் நான் கொஞ்ச காலம் உறுப்பினராக இருந்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அரியலூரில் குடியிருந்துகொண்டு, பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். வருடத்துக்கு ஒரு படம் பார்த்தால் அதிகம்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, கொஞ்ச நாளிலேயே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம். வெளியூர்களிலிருந்தும் பெண்கள் வேண்டும் என்று யாரோ கேட்டு, அது சுற்றிச் சுற்றி எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. தலைமையாசிரியை என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"என்னைய ஏங்க மேடம் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மத்தவங்கள மெட்ராசுக்குப் போயிட்டு வாங்கன்னா, வீட்ல கேட்டுச் சொல்றேம்பாங்க. உங்களுக்குத்தான் வீட்ல கேக்க ஆளில்லையே டீச்சர்."

அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நல்ல மனுஷி. ஆனாலும் அன்று சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

என் கணவர் சிமெண்ட் ஆலை ஒன்றில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர் மதியம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு வந்தேன். மறுபாதியில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இட்லிச் சட்டி மூடியைத் திறந்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சென்னையிலிருந்து ஃபோன் வந்தால் காலை ரயிலைப் பிடித்துப் போய், மதியம் படம் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி, ஏதோ பரீட்சை வேலையாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் படம் பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நானும் அவளை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

முதலில் வந்த இரண்டு மூன்று படங்கள் சாதாரணமானவை. காதல், அடிதடி, கல்யாணம். அப்புறம் ஒருநாள் ஃபோனில் அந்த அதிகாரி, "இந்தத் தடவ பேய்ப் படம் மேடம். பாத்துருவீங்கல்ல?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

சின்ன அரங்கம். அதிகாரியையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா, அனாதை விடுதி ஒன்றை நடத்தும் ஒரு பெரியவர். ஒருவருக்கொருவர் நடுவில் இரண்டு மூன்று நாற்காலி விட்டு உட்கார்ந்தோம். யாரும் யாரோடும் பேசாமல் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

படத்தின் கதை இதுதான். மலைமேல் ஒரு வீடு. கணவனை இழந்த ஒருத்தி, தன் சின்ன மகளோடு அங்கே இருக்கிறாள். ஒருநாள், பூட்டிக் கிடக்கும் அறைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்கிறது. செத்துப்போன கணவனின் இருமல். அன்று முதல் அவள் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தட்டும் எடுத்து வைக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தட்டைப் பார்த்து, "இன்னைக்குப் புளி கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் மாறிப்போகிறாள். அவளுக்குள் வேறொன்று வந்துவிடுகிறது.

அந்த இருமல் கேட்டபோது டாக்டரம்மா நாற்காலியின் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். முன்னால் இருந்த வங்கிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அவள் எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்துவிட மாட்டாளா என்றிருந்தது. பூட்டுக்குச் சாவி எங்கே வைத்திருக்கிறாள், ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள் என்று தவித்தேன். என் வீட்டில் நானும் பேசுவேன். தட்டு எடுத்து வைத்ததில்லை. ஆனால் ரசம் கொதிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, கொடியில் துணி எடுக்கும்போது அவரிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு பஸ் லேட். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தவளைக்கு நான்கு அறை இதயம் என்று எழுதியிருக்கிறான். இப்படி. பதில் வராது என்று தெரியும். வந்தால் நான் பயந்து ஓடமாட்டேன் என்பது அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

என்னைத் தூக்கிப் போட்டது வேறொரு இடம். படத்தின் பின்பாதியில், கனவு கண்டு விழித்த மகள் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே அடுப்படிக்கு வருகிறாள். அம்மா முதுகைக் காட்டி நிற்கிறாள். மெதுவாகத் திரும்புகிறாள். கோரப் பல் இல்லை, ரத்தம் இல்லை. அதே முகம். ஆனால் மகளை யாரென்றே தெரியாத ஒரு பார்வை. அந்தப் பார்வை திரையில் வெகுநேரம் நின்றது. குழந்தை மறுபடி மறுபடி "அம்மா, அம்மா" என்கிறது. நான் திரையை விட்டுவிட்டு, வெளியே போகும் வழி என்று எழுதியிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அதிகாரி எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார்.

இதில் மூன்று வகை உண்டு. எல்லாரும் பார்க்கலாம் என்றால் யு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றவர்கள் துணையோடு பார்க்கலாம் என்றால் யு/ஏ. வயது வந்தவர்கள் மட்டும் என்றால் ஏ. இந்தப் படத்துக்கு யு கிடையாது என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. மற்ற இரண்டில் எது என்பதுதான்.

வங்கிக்காரர் யு/ஏ என்றார். "ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அசிங்கமா ஒரு வார்த்தை இல்ல. இதுக்கு எதுக்கு ஏ?"

டாக்டரம்மா ஏ என்றார். "ரத்தத்த மட்டும் கணக்குல எடுத்தா எப்படி சார்? படம் பாத்துட்டு வந்து படுக்கையை நனைக்கிற பிள்ளைங்களை நான்தான பாக்கிறேன்."

விடுதிப் பெரியவர் டாக்டரம்மா பக்கம் சாய்ந்தார். தன் பிள்ளைகளில் பாதிக்கு அம்மாவைத் தெரியாது, அவர்களுக்கு இதைக் காட்டவே மாட்டேன் என்றார். அதிகாரிக்கு யு/ஏ போதும் என்று எண்ணம். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எல்லாரும் பயந்த இடத்தில் பயப்படாத ஒருத்தி, ஒரு பேய்ப் படம் எவ்வளவு பயமுறுத்தும் என்று எப்படிச் சொல்வது? நான் பார்த்தது படத்தையா, என் வீட்டையா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் என்னைத் தள்ளி வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஏழு. அவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்?

"பேயப் பாத்து பயந்தா பிள்ளைங்க நாலு நாள்ல மறந்துருங்க சார்" என்றேன். "அந்த இருமல், கதவு, இதெல்லாம் அம்மா மடியில முகத்தப் புதைச்சுக்கிட்டா சரியாப் போயிரும். ஆனா அடுப்படியில அம்மாவே யாரோ மாதிரி திரும்பிப் பாக்குதே, அப்ப எங்க போயி முகத்தப் புதைக்கும்? அந்த இடத்தக் குறைச்சா யு/ஏ குடுக்கலாம். இப்படியே இருந்தா ஏ தான்."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறைச்சா எனக்கும் சம்மதம்" என்றார். பெரியவரும் தலையை ஆட்டினார்.

தயாரிப்பாளரையும் இயக்குநரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தயாரிப்பாளர் கனமான ஆள், வேர்த்துப்போய் வந்தார். இயக்குநருக்கு முப்பது வயதிருக்கும். முகம் மழிக்காமல், சட்டைக் கையை மடித்தும் மடிக்காமலும் நின்றார். அதிகாரி விஷயத்தைச் சொன்னார். படம் உள்ளபடியே வேண்டுமென்றால் ஏ. அடுப்படிக் காட்சியைப் பாதியாகக் குறைத்தால் யு/ஏ. எது என்று அவர்கள் தீர்மானிக்கலாம்.

"குறைச்சுக் குடுத்துடறோம் சார்" என்றார் தயாரிப்பாளர், அதிகாரி முடிக்கும் முன்பே.

"ஏ-வே குடுங்க சார்" என்றார் இயக்குநர். "அந்த ஷாட்டுக்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்தேன்."

தயாரிப்பாளர் கோபப்படவில்லை. எங்களை மறந்துவிட்டு அவர் பக்கம் திரும்பிப் பேசினார். "தம்பி, போஸ்டர்ல ஏ-ன்னு போட்டா ஊருப் பக்கம் ஒரு பொம்பள உள்ள வரமாட்டா. வர்ற ஆம்பளையும் வேற எதையோ நெனச்சுக்கிட்டு வருவான். அது இல்லன்னதும் இடைவேளையில திட்டிட்டுப் போவான். நீ எடுத்திருக்கிறது ஒரு அம்மாவப் பத்தி. அம்மாக்காரி ஒருத்தியும் பாக்க வேணாமா?"

இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, குறைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

நான் கீழே இறங்கி பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது அவர் அங்கே டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

"குறைக்கச் சொன்னது யாரு மேடம்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"சரி. உங்களுக்குப் பயமா இருந்துச்சா? அதையாவது சொல்லலாம்ல?"

சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. "அந்த இருமலுக்கு நான் பயப்படலங்க. கதவத் திறந்துட மாட்டாளான்னு இருந்துச்சு" என்றேன்.

"நான் அப்படி நெனச்சு எடுக்கல" என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அரியலூருக்கும் வரும். வந்தா நாலு பேரோட சேந்து பாருங்க மேடம். தனியா உக்காந்து பாக்கிற படமில்ல அது."

அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் படம் அரியலூருக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றாள். ஆண்டிமடத்துப் பெண். அவள் கணவர் அங்கிருந்து முந்திரி லோடு ஏற்றிக்கொண்டு கொல்லம் போயிருந்தார்.

"டீச்சர், போஸ்டரப் பாத்ததுலேந்து இதுங்க ரெண்டும் உசிர வாங்குதுங்க. பேய்ப் படமாம். பயமா இருக்குமாங்க?"

அந்தக் கேள்விக்கு அந்த ஊரிலேயே பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்ல முடியாது. "யு/ஏ போட்டிருக்காங்களே, பெத்தவங்க கூட இருந்து பாக்கலாம்" என்றேன், போஸ்டரைப் பார்த்துச் சொல்கிறவள் போல.

"அவரு இல்லாம நான் ஒருத்தி எப்படிங்க? நீங்களும் வாங்க டீச்சர். எனக்கும் தெம்பா இருக்கும்."

மதியக் காட்சிக்கு நால்வரும் போனோம். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். தயாரிப்பாளர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குழந்தைகள், முறுக்கு, கொடுக்காப்புளி, இடத்துக்குச் சண்டை. நான் ஓர் ஓரம், சின்னவள் என் பக்கத்தில், அப்புறம் அவள் அம்மா, பெரியவள்.

படம் தொடங்கும் முன் திரையில் அந்தச் சான்றிதழ் வந்தது. எத்தனை படத்துக்கு முன்னால் அதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. அதில் படத்தைப் பார்த்தவர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. என் பெயரும் இருந்தது. என் பெயர் அவ்வளவு பெரிதாக எங்குமே எழுதப்பட்டதில்லை. அரங்கம் முழுக்க ஆட்கள் நாற்காலி தேடிக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சின்னவளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் இருந்திருந்தால் என் தோளை இடித்து, "ஏய், உன் பேரு" என்றிருப்பார். அதற்குள் திரை மாறிவிட்டது.

இருமல் சத்தம் வந்தது. அரங்கம் அடங்கிப்போனது. முன்வரிசையில் யாரோ ஒருவன் பதிலுக்கு இருமினான். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் "மாத்திரை போடுய்யா" என்றான். மறுபடி சிரிப்பு. சென்னையில் என்னைத் தவிக்க வைத்த இடம் அது. முதலில் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு பார்த்தால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் அவள் இரண்டாவது தட்டை எடுத்து வைத்துப் பேசினாள். சின்னவள் என் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், அந்தம்மா செத்துப்போனவுங்க கிட்ட பேசுதா?"

"ஆமாம்மா."

"உங்கள மாதிரியா?"

நான் குனிந்து அவளைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவள் முகத்தில் குறும்பு எதுவும் தெரியவில்லை.

"எங்க வூட்டுக்குக் கேக்கும்" என்றாள். "முன்ன பயமா இருந்துச்சு. அப்புறம் அம்மாதான் சொல்லுச்சு, டீச்சரு அவுங்க வூட்டுக்காரரோட பேசுறாங்க, நீ பாட்டுக்குத் தூங்குன்னு."

அவள் அம்மா காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படத்தில் என்ன நடந்தது என்று நான் கவனிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை நாளாக, எதையெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக் காட்சி வந்தது. குழந்தை கூப்பிட்டது, அம்மா திரும்பினாள், பார்த்தாள், உடனே காட்சி மாறிவிட்டது. வெட்டிய இடம் எனக்குத் தெரிந்தது. அந்த இயக்குநர் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் இரண்டும் முகத்தைத் திருப்பவில்லை. பெரியவள் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு விசும்பல் வந்தது. அழுதது அவர்களின் அம்மா.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நடந்து வரும்போது அவளாகவே பேசினாள். "அந்தப் பொம்பள புள்ளைய மறந்துருச்சு பாத்தீங்களா டீச்சர். அதத்தான் என்னால தாங்க முடியல. அவரு மாசத்துல பாதி நா ரோட்டுல கெடக்குறாரு. எனக்கு ஒண்ணு ஆகி, இதுங்க யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிட்டா?" பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றையொன்று இருமிப் பயமுறுத்திக்கொண்டு.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் பாயும் தலையணையுமாக வந்தாள். "புள்ளைங்க பயப்படுதுங்க. இன்னைக்கு இங்க படுத்துக்கிறோங்க" என்றாள். பிள்ளைகள் பின்னால் நின்று, நாங்க ஒண்ணும் பயப்படல என்று முனகின. நான் உப்புமா கிண்டினேன். நான்கு தட்டு எடுத்து வைத்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரே நேரத்தில் நான்கு தட்டு எடுத்தது அன்றுதான். அவள் கணவர் கொல்லத்திலிருந்து திரும்பும் வரை தினமும் என் வீட்டில்தான் படுத்தார்கள். சின்னவள் தூக்கத்தில் உருண்டு வந்து என் மேல் காலைப் போடுவாள்.

அவர் லாரியோடு வந்து சேர்ந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அன்று நான் துணி மடித்துக்கொண்டே வாயைத் திறந்தேன், சுவரைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். பேசுவதை நிறுத்திவிட்டேன். அவமானம் என்றில்லை. கேட்கிற ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு எனக்கே வேறு மாதிரி கேட்டது. சில வாரம் கழித்துச் சின்னவள் வாசலில் வைத்து, "இப்பல்லாம் ஏன் டீச்சர் நீங்க பேசுறதில்ல?" என்று கேட்டாள். "பரீட்சை வேல இருக்கும்மா" என்றேன்.

அடுத்த கோடையில் அவர்கள் ஆண்டிமடத்துக்கே போய்விட்டார்கள். என் உறுப்பினர் காலமும் முடிந்தது. மறுபடி யாரும் கேட்கவில்லை. நான் பள்ளிக்குப் பக்கமாகவே பெரம்பலூரில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலும் கீழும் யாரும் இல்லாத தனி வீடு. எவ்வளவு சத்தமாகவும் பேசலாம். ஆனால் விட்டுப்போன பழக்கம் திரும்பவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் அந்தப் பழைய பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தாள். பெரியவள் காலேஜ் போகப் போகிறாளாம். சின்னவள் டிவியில் பேய்ப் படம் போட்டால் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுகிறாளாம்.

"நான்தான் இன்னமும் பாக்கிறதில்லங்க" என்றாள். "நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர்?"

"இருக்கேம்மா."

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தவள் போல என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் ரோட்டில் அவள் போக வேண்டிய பஸ் வந்துவிட்டது. "ஒரு நா வூட்டுக்கு வாங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். வரேன் என்று கையை ஆட்டினேன். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.